ஒரு வாளி நிறையும் நேரம்

இரண்டு செம்மறிக் கிடாய்கள் மோதும்போது வருவது எலும்புச் சத்தம் அல்ல. கனமான பலகை ஒன்றைச் சீமெந்துத் தரையில் தட்டையாகப் போட்டால் வரும் சத்தம் அது. அன்று அதைப் பதினொரு தடவை கேட்டேன். பன்னிரண்டாவது வேறு மாதிரி இருந்தது.

லண்டனின் வடக்கு விளிம்பில், எட்மண்டனிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் அந்தப் பண்ணை இருக்கிறது. மேட்டில் ஏறி நின்றால் தெற்கே நகரத்தின் உயரக் கட்டடங்கள் தெரியும். வடக்கே மோட்டார்வே இரைந்துகொண்டிருக்கும். நடுவில் எழுபதுக்கு மேற்பட்ட மறிகளும் (பெண் செம்மறிகள்), ஒரு வைக்கோல் கொட்டிலும், பண்ணைக்காரியின் செங்கல் வீடும். முன்பு பால் கறக்கும் இடமாக இருந்த ஒரு கொட்டிலை நான் வாடகைக்கு எடுத்திருந்தேன். அதில் ஃபெல்ட் செய்தேன்.

ஃபெல்ட் என்பது நெய்யாத கம்பளித் துணி. ஆட்டு மயிரை அடுக்கடுக்காகப் பரப்பி, கை பொறுக்கும் அளவு சுடுநீரும் சவர்க்காரமும் ஊற்றி, பாயில் சுருட்டி உருட்டி, பிறகு மேசையில் ஓங்கி அடிக்க வேண்டும். இழைகள் ஒன்றையொன்று பிடித்துச் சுருங்கும்வரை, நூற்றுக்கணக்கான தடவை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் என் விரிப்புகளைத் தடவிப் பார்த்து, எவ்வளவு அமைதியான தொழில் என்று சொல்வார்கள். என் வலது தோள் மூட்டு அதை ஒத்துக்கொள்ளாது.

ஆடுகளைப் பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். எனக்குச் சொந்தம் இல்லை. வயதுக்காக அண்ணை என்று கூப்பிட்டேன். லண்டனின் கிழக்கே செவன் கிங்ஸில் ஓர் இறைச்சிக் கடையில் பத்தொன்பது வருடம் நின்றவர். இடது ஆட்காட்டி விரலின் நுனி அங்கேயே போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயதில், செத்த ஆடு போதும், உயிருள்ளதைப் பார்ப்போம் என்று இங்கே வந்ததாகச் சொல்வார். வைக்கோல் கொட்டிலுக்குப் பின்னால் நின்ற கேரவன்தான் அவருடைய வீடு. வேறு வீடு இல்லை. நான் ஊரில் பத்திரிகையில் வேலை செய்தவள் என்பதால் என்னைப் பேப்பர்காரி என்பார். நான் மேசையில் கம்பளியை அடிக்கும்போது வாசலில் வந்து நிற்பார்.

"நான் ஆட்டை ஒருக்காத்தான் வெட்டினனான், தங்கச்சி. நீர் அதின்ரை மயிரை மூண்டு நாளாப் போட்டு அடிக்கிறீர்."

அந்த வருடம் ஜூனில் ஒரு தவறு நடந்தது. பண்ணைக்குக் குறுக்கே பொதுப் பாதை போகிறது. அதிலிருந்த கதவின் சங்கிலியை அண்ணை கொழுவாமல் விட்டுவிட்டார். நடக்க வந்த யாரோ ஒருவருடைய இரண்டு நாய்கள் உள்ளே புகுந்தன. நாய்கள் ஆட்டைத் தின்பதில்லை. கழுத்தையும் பின்னங்காலையும் கிழித்துவிட்டு அடுத்ததற்கு ஓடும். ஒன்பது மறிகள். நான்கு அங்கேயே செத்தன. மூன்றைப் பண்ணைக்காரி தன் துப்பாக்கியால் சுட்டாள். இரண்டு வேலி மூலையில் காயமே இல்லாமல், பயத்தில் நெரிபட்டு மூச்சடைத்துக் கிடந்தன.

பண்ணைக்காரி அறுபதைத் தாண்டியவள். குரலை உயர்த்தாதவள். துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு வந்து, என் முன்னால்தான் அண்ணையிடம் சொன்னாள்: இன்னொரு கதவு திறந்து கிடந்தால் கேரவனைக் காலி செய்ய வேண்டியதுதான். அண்ணை தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு கதவையும் சாத்திய பிறகு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். நான் அதை எண்ணியிருக்கிறேன். ஒரு நாளும் ஒரு தடவையோடு விட்டதில்லை.

செப்டம்பரில் புல்லின் நிறம் மாறத் தொடங்கியது. மறிகளைக் கிடாயோடு விடும் காலம் நெருங்கியது. பண்ணையில் ஏற்கெனவே ஒரு கிடாய் இருந்தது. தாய் செத்துப்போக அண்ணை போத்தல் பால் கொடுத்து வளர்த்தது. அதை அவர் மோனை, அதாவது மகனே, என்றுதான் கூப்பிடுவார். கரும்பழுப்பு நிறம். மயிரின் அடி கிட்டத்தட்டக் கறுப்பு, நுனி வெயிலில் வெந்து தேன் நிறம். அந்த நிறத்தில் இன்னொரு ஆடு அங்கே இல்லை. என் விரிப்புகள் எல்லாவற்றுக்கும் கரை அதன் மயிரில்தான். தேவைப்படும்போது தோளிலிருந்து ஒரு பை கத்தரித்துக்கொள்ளப் பண்ணைக்காரி அனுமதித்திருந்தாள்.

அறுபது மறிகளுக்கு ஒரு கிடாய் காணாது என்று, இலையுதிர்கால ஆட்டுச் சந்தையிலிருந்து வெள்ளைக் கிடாய் ஒன்றைக் கொண்டுவந்தாள். மோனையைவிடக் கனம். கழுத்து என் இடுப்பளவு.

அறிமுகம் இல்லாத இரண்டு கிடாய்களை ஒரே வயலில் விட்டால் ஒன்று சாகும். அதனால் முதலில் இரண்டையும் ஒடுக்கமான அடைப்பில் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். அக்கம்பக்கமாக நிற்க மட்டும் இடம் இருக்கும். கிடாயின் பலம் தலையில் இல்லை, பின்வாங்கும் தூரத்தில் இருக்கிறது. பின்னால் போக இடம் இல்லாவிட்டால் முட்ட முடியாது. இரண்டு நாளில் ஒன்றின் மணம் மற்றதில் ஏறிவிடும். பிறகு சண்டை குறையும்.

இதை எல்லாப் பண்ணைகளிலும் செய்வார்கள். அண்ணை இதோடு தன்னுடைய முறை ஒன்றையும் சேர்த்திருந்தார். எட்மண்டன் தமிழ்க் கடையில் வேப்பெண்ணெய் வாங்கி வந்து, இரண்டு கிடாய்களுக்கும் முகத்திலும் கழுத்திலும் தாராளமாகப் பூசினார். அந்த மணத்துக்குள் வேறு எந்த மணமும் தெரியாது. பண்ணைக்காரி முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். முந்திய வருடம் பக்கத்துப் பண்ணையில் ஒரு கிடாயின் மண்டை பிளந்தபோது இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணெய் தீர்ந்தால் அவளே ஞாபகப்படுத்துவாள்.

அடைப்பின் இரண்டாவது நாள் வியாழக்கிழமை. காலையில் பண்ணைக்காரி கிழட்டு மறிகளை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனாள். அண்ணை மேல் வயலில் வேலிக் கட்டை அடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலோடு அடைப்புக்குப் போனேன். ஒக்டோபர் சந்தைக்கு மூன்று விரிப்புகளுக்குக் கரை போட வேண்டியிருந்தது.

வேப்பெண்ணெய் மோனையின் கழுத்திலிருந்து வடிந்து தோளுக்கு இறங்கியிருந்தது. நான் கத்தரிக்க வந்த இடம் முழுவதும் பிசுக்கு. எண்ணெய் ஏறிய மயிர் ஃபெல்ட்டுக்கு உதவாது. தண்ணீர் உள்ளே போகாது, இழை இழையைப் பிடிக்காது. இன்னும் வடிந்தால் மற்றத் தோளும் போய்விடும். எனக்குத் தெரிந்த தொழில் அறிவு இவ்வளவும். இது முழுக்கச் சரியான அறிவு.

கொட்டிலில் சுடுநீர் எப்போதும் இருந்தது. ஒரு வாளியில் ஊற்றி, லவெண்டர் மணமுள்ள என் சவர்க்காரத்தைக் கரைத்துக்கொண்டு வந்தேன். மோனைக்குப் பக்கத்தில் நான் குந்துவதற்கு இடம் போதவில்லை. அடைப்பின் ஒரு பக்கமாக இருந்த இரும்புத் தடுப்பின் கயிற்றை அவிழ்த்து, அதை நான்கு எட்டுத் தள்ளி வைத்துக் கட்டினேன். வெளிக்கதவைப் பூட்டித்தான் வைத்திருந்தேன். கிடாய்கள் வெளியே போக முடியாது. அது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தேன்.

முகத்தைக் கழுவினேன். கழுத்தைக் கழுவினேன். தோளை மூன்று தடவை அலசினேன். மோனை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. துடைக்கத் துணி எடுத்துவர மறந்துவிட்டேன். கொட்டிலுக்குப் போய்த் துணியோடு திரும்பும்போது முதல் சத்தம் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் பின்வாங்கிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லாமல், தலையை நேராக வைத்தபடி, ஒவ்வோர் எட்டாகப் பின்னால் போயின. சுவரில் பின்புறம் முட்டியதும் நின்றன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் புறப்பட்டன. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனாலும் ஒரு கணப் பிசகும் இல்லை. மோதிய பிறகு இரண்டின் பின்னங்கால்களும் தரையை விட்டு எழுந்தன. வெள்ளைக் கிடாயின் நெற்றியில் தோல் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. திரும்பவும் பின்வாங்கின.

நான் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். இது உண்மை. பத்திரிகையில் பழகிய பழக்கம். எத்தனை வெடிச்சத்தம், எத்தனை நிமிட இடைவெளி, எத்தனை பேர் விழுந்தார்கள் என்று முதலில் எண்ணிவிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். ஆறாவது மோதலுக்குப் பிறகுதான் அண்ணையைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

அவர் மேட்டிலிருந்து ஓடி வந்தார். வழியில் ஓர் ஒட்டுப்பலகையைத் தூக்கிக்கொண்டு அடைப்புக்குள் குதித்தார். தள்ளி வைத்த தடுப்பை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். பலகையை இரண்டுக்கும் நடுவே பிடித்தார். வெள்ளைக் கிடாய் அதைப் பலகையாகவே மதிக்கவில்லை. பலகை இரண்டாக முறிந்து, அதன் பின்னால் இருந்த அவருடைய வலது முழங்கால் சுவர்த் தூணோடு அடிபட்டது. விழுந்தார். அவருடைய தலைக்கு மேலால் இரண்டு கிடாய்களும் இன்னொரு தடவை மோதின. அது பதினொன்று.

பன்னிரண்டாவதில் மோனையின் தலை சற்றுத் திரும்பியிருந்தது. ஈரமாக இருந்த முகம் வழுக்கியதோ என்னவோ, நான் மருத்துவர் அல்ல. சத்தம் குறுகலாக, காய்ந்த தடி முறிவதுபோல வந்தது. நான்கு கால்களும் ஒன்றாக மடிந்தன. வெள்ளைக் கிடாய் பின்வாங்கி வந்து, கிடந்த உடம்பின் விலாவில் இடித்தது. திரும்பவும் பின்வாங்கி இடித்தது.

அண்ணை எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே இரும்புத் தடுப்பைக் கைகளால் இழுத்தார். அப்போதுதான் நானும் உள்ளே குதித்தேன். இருவருமாக இழுத்து வெள்ளைக் கிடாயை மூலையில் நெருக்கி அடைத்தோம். கயிற்றை நான்தான் கட்டினேன். முடிச்சை அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மோனை சாகவில்லை. கண் திறந்திருந்தது. மூச்சு வந்து போனது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மிருக வைத்தியருக்கு அழைத்தேன். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். துப்பாக்கி வீட்டில் பூட்டில் இருந்தது. திறப்பு பண்ணைக்காரியின் சட்டைப் பையில். அவளுடைய போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரு மணித்தியாலம் இதை இப்பிடிக் கிடத்த ஏலாது," என்றார் அண்ணை. "உம்மடை கத்தியைக் கொண்டு வாரும்."

ஃபெல்ட் வெட்டும் கத்தி என்னிடம் இருந்தது. நீளமானது. வெள்ளிக்கிழமைகளில் தீட்டுவேன், அன்று வியாழன். அவர் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, காணும் என்றார். முழங்காலை மடிக்க முடியாமல் பக்கவாட்டில் சரிந்து படுத்து, தாடைக்குக் கீழே மயிரை விலக்கினார்.

"தலையைப் பிடியும். கண்ணைப் பாக்காதையும்."

நான் பார்த்தேன். செம்மறியின் கண்மணி கிடையாக, ஒரு கோடுபோல இருக்கும். அண்ணை மோனை என்று ஒரு தடவை சொன்னார். ஒரே இழுப்பு. பத்தொன்பது வருடப் பழக்கம் அந்த ஒரு கையசைவில் தெரிந்தது. இரத்தம் என் முழங்கைவரை அடித்தது. என் மேசையில் ஊற்றும் தண்ணீரைவிடச் சூடாக இருந்தது. நான் கழுவிய தோள் நனைந்து, மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டது. கோடு அகன்று வட்டமாகும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பண்ணைக்காரியின் டிரக் வந்தபோது, இரத்தத்தைக் கழுவுவதற்காக முற்றத்துக் குழாயின் கீழ் வாளியை வைத்துத் தண்ணீர் திறந்திருந்தேன். அந்தக் குழாயில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். அண்ணை ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் இருந்தார். காற்சட்டையை வெட்டி விட்டிருந்தேன்; முழங்கால் இரண்டு மடங்காக வீங்கி, நீலம் ஏறியிருந்தது. அவள் கிடாயைப் பார்த்தாள். தடுப்பைப் பார்த்தாள். யார் திறந்தது என்று கேட்டாள். யாரிடம் என்று இல்லை, இரண்டு பேருக்கும் பொதுவாக.

தடுப்பு திறந்திருந்தது, என்றேன் நான்.

அது பொய் இல்லை. ஊரில் எங்கள் பத்திரிகையில் ஒரு சொல் இருந்தது: இனந்தெரியாதோர். இனந்தெரியாதோர் சுட்டனர், இனந்தெரியாதோர் கடத்திச் சென்றனர். யார் என்பது அச்சுக் கோப்பவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும், சுட்டவருக்கும் தெரியும். அப்படி எழுதியதால்தான் அடுத்த நாளும் எழுத நாங்கள் இருந்தோம். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஆனால் அந்த முற்றத்தில் என்னைச் சுட யாரும் நிற்கவில்லை. இழப்பதற்கு ஒரு கொட்டில் மட்டும்தான் இருந்தது.

அவள் அண்ணையைப் பார்த்தாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாதிக்கு மேல் வந்திருந்தது. பிறகு, ஜூனில் சொன்ன அதே குரலில், சனிக்கிழமைக்குள் கேரவனைக் காலி செய்யச் சொன்னாள். முதலில் காலை ஆஸ்பத்திரியில் காட்டும்படியும், தானே கூட்டிப் போவதாகவும் சொன்னாள். அண்ணை ஓகே என்றார்.

வாளி நிறைந்து விளிம்பால் வழிந்தது. தண்ணீர் என் சப்பாத்துக்குள் போயிற்று. குளிர்ந்தது.

நான்தான் திறந்தேன் என்று சொன்னேன். எண்ணெயைக் கழுவியதையும் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் காரணம் சிறுத்துக்கொண்டே போனது. அவள் செத்த கிடாய்க்குப் பக்கத்தில் குனிந்து, அதன் முகத்தில் விரலை வைத்து முகர்ந்தாள். இரத்தத்தின் நெடிக்கு நடுவிலும் லவெண்டர் மணம் இருந்திருக்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நான் வழியும் வாளியைப் பார்த்தேன். பிறகு குழாயைப் பூட்டும்படி சொன்னாள்.

தீர்ப்பு மறுநாள் காலையில் வந்தது. அண்ணை இருக்கலாம். ஒக்டோபர் முடிவதற்குள் நான் கொட்டிலைக் காலி செய்ய வேண்டும். செத்த ஆடுகளை ஏற்றும் லொறியும் அன்று வந்தது. பண்ணையில் செத்ததைப் புதைக்கவோ தோலை எடுக்கவோ இங்கே சட்டம் விடாது. சாரதி கழுத்தில் சங்கிலியைக் கட்டி இயந்திரத்தால் மேலே தூக்கினான். தூக்கும்போது மறுபக்கத் தோள் தெரிந்தது. அந்தப் பக்கம் இரத்தம் படவே இல்லை. சுத்தமாக இருந்தது. கத்தரிக்கோல் என் பையில் இருந்தது. ஒரு கணம் கை அங்கே போயிற்று. எடுக்கவில்லை. ஆனால் போயிற்று.

ஒக்டோபர் முழுவதும் வெள்ளைக் கிடாய் தனியாக அறுபது மறிகளோடு வேலை செய்தது. அதன் நெஞ்சில் வார் போட்டு ஒரு சிவப்புச் சாயக்கட்டி கட்டியிருந்தார்கள். எந்த மறியின் மேல் ஏறினாலும் அதன் பின்முதுகில் சிவப்பு ஒட்டும். நாளுக்கு நாள் மந்தை சிவந்துகொண்டு வந்தது. அண்ணை ஊன்றுகோலோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணுவார். அவருடைய முழங்கால் சிரட்டை, அந்த மூட்டுச் சில்லு, வெடித்திருந்தது. இனி முழுதாக மடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கண்டால் தலையாட்டுவார். கொட்டில் வாசலுக்கு வரமாட்டார். நான் மூன்று விரிப்புகளையும் வெள்ளைக் கரையோடு முடித்தேன். ஒன்றும் விலைப்படவில்லை, அதற்குக் கரை காரணமா என்று எனக்குத் தெரியாது.

கடைசி நாள், மேசையையும் பாய்களையும் ஏற்ற ஒரு வான் பிடித்திருந்தேன். நகரத்தின் தெற்கே கோலியர்ஸ் வுட்டில் ஒரு சிநேகிதியின் கராஜில் இடம் கிடைத்திருந்தது. அண்ணை நொண்டிக்கொண்டு வந்தார். கையில் என் கத்தி, துணியில் சுற்றி. தீட்டியிருந்தார். நான் தீட்டுவதைவிட நன்றாக.

அன்றைக்கு அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். ஐந்து கிழமையாக அந்தக் கேள்வி என்னிடம் இருந்தது.

"வாளி நிறையட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார்.

"நிறைஞ்சது தானே, அண்ணை. சொன்னனான் தானே."

"ஓம். வழிஞ்ச பிறகு." கடைசிப் பாயை ஒரு கையால் வானுக்குள் தள்ளினார். "அது ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற சின்ன வாளி, தங்கச்சி. பெரிய வாளியா இருந்திருந்தா?"

நான் கத்தியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வானின் பின்கதவை அவர்தான் சாத்தினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.